எரிமலையில் ஓடியது எங்கள் காரக்குழம்பு

பிள்ளைப்பாக்கம் சாலையில் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயுமாக மெஸ் போட்டேன். கம்பெனி பஸ் அங்கே நிற்காது என்றார்கள். டிரைவர்களுக்கு ஓசி டீ கொடுத்து நிற்க வைத்தேன். போர் போட்டால் பாறைதான் வரும் என்றார்கள், தண்ணீர் வந்தது. தார்ப்பாய் இருந்த இடத்தில் தளம் போட்டேன், தளத்துக்கு மேல் வாடகை அறைகள் எழுப்பினேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றையும் கட்டியிருக்கிறேன்: ஓர் எரிமலை. வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றில் அது நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அந்த கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்போன் கம்பெனிகள் வந்த புதிது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் இருவர் என் மாடி அறையில் இருந்தார்கள். தாம்பரத்தில் கம்ப்யூட்டரில் படம் செய்யக் கற்றுக்கொண்டு, செல்போன் பூட்டும் லைன் வேலையை விட்டவர்கள். மலையிலிருந்து உருகி ஓடும் லாவாவைச் செய்து தரச் சொல்லி கேம் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்று அவர்களிடம் வேலை கொடுத்திருந்தது. ஒருநாள் மதியம், இருவரில் உயரமானவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

“லாவா ஓடவே மாட்டேங்கு அண்ணாச்சி. சனிக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாவ.”

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மலை நன்றாகத்தான் இருந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு படத்தை ஒட்டிக் கீழே நகர்த்தியிருந்தான். அது மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்தது.

“இன்னாப்பா, மலைக்கு செவப்பு பொடவ கட்டி இஸ்துக்கினு கீறே?”

“நெச லாவாவுக்கு எங்க போக அண்ணாச்சி?”

“கீய வா. அடுப்புல கொதிக்குது.”

அம்மிக்கல்லைச் சாய்த்து நிறுத்தி, காரக்குழம்பைக் கரண்டி கரண்டியாக அதன் தலையில் ஊற்றினேன். எண்ணெய் பளபளவென்று முன்னால் ஓடியது. அடியில் குழம்பு சோம்பேறியாக நகர்ந்தது. குழியில் தேங்கியது, மேட்டில் இரண்டாகப் பிரிந்தது. கல்யாண வீடுகளில் படம் எடுப்பவரின் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்த மற்றவன், தரையில் படுத்துப் படம் பிடித்தான்.

என் மனைவி வந்துவிட்டாள்.

“யோவ், இன்னாயா இது? சோத்துக்கு ஊத்த வெச்ச கொயம்ப கல்லுக்கு ஊத்தினு கீறே!”

“கம்முனு இரு. உன் கொயம்பு ஃபாரின் போவுது.”

“அது போவட்டும். செகண்ட் ஷிப்ட்டுக்காரன் இன்னாத்த துன்னுவான்?”

மோர் ஊற்றித் தின்றார்கள். என்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

பையன்கள் எண்ணெயைத் தனிப் படமாகவும் குழம்பைத் தனிப் படமாகவும் பிரித்தார்கள். ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஓடவிட்டு, உள்ளே நெருப்பு நிறம் கொடுத்தார்கள். அந்த யோசனை அவர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டிக் காட்டியவன் நான். கம்ப்யூட்டரில் அது ஓடியதைப் பார்த்து எனக்கே கால் சுட்டது.

சனிக்கிழமை மெஸ் போனுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு. உயரமானவன் எடுத்தான். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

“மலை முழுக்கப் பச்சையா மிதக்குதே, என்னது அது?”

சின்னப் படத்தைத் தரைக்கு டைல்ஸ் பதிப்பதுபோல் திரும்பத் திரும்பப் பதித்துத்தான் மலையை மூடுவார்களாம். நாங்கள் எடுத்த படத்தில் இருந்தது ஒரே ஒரு கறிவேப்பிலை. மலையிலோ ஒரு தோப்பே ஓடிக்கொண்டிருந்தது.

அவன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “என்னத்தச் சொல்ல அண்ணாச்சி?” என்றான்.

“டிராகன் செதிலுன்னு சொல்லு.”

சொல்லிவிட்டான். “நம்ம கேம்ல டிராகனே கிடையாதேப்பா” என்றது குரல்.

“எல்லாத்தையும் எடுத்துடாதே. ஒரு எலயாவது வுடு. நம்ம கை பட்டதுக்கு அடையாளம் வோணும்” என்று கெஞ்சினேன்.

“ஒண்ண விட்டா அம்புட்டும் வரும் அண்ணாச்சி.”

எடுத்துவிட்டான். வேலை தேறியது. இருவரும் சென்னைக்கே போய்விட்டார்கள்.

கேம் வெளிவந்ததும் சிடி கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். முடிவில் பெயர்கள் ஓடின. வெடிச் சத்தம் போட்டவர், அதைக் கேட்டுச் சரிபார்த்தவர், ஆபீஸ் நாய்க்குட்டி என்று எல்லோர் பெயரும் இருந்தது.

“நம்ம பேரு எங்கடா?”

“எங்க பேரே கடைசில, எறும்பு மாதிரி கெடக்கு அண்ணாச்சி.”

“கொயம்பு வெச்சது நானு, பேரு இவருக்கு வோணுமாம்” என்றாள் மனைவி.

அவள் கேட்பதும் நியாயம்தான். ஆகவே அந்த கேம்காரர்களுக்குச் சொல்கிறேன்: அடுத்த முறை சிடி போடும்போது ‘லாவா ஓட்டம்’ என்று எழுதி என் பெயரையும், ‘லாவா சமையல்’ என்று எழுதி அவள் பெயரையும் போடுங்கள். பையன்கள் பெயருக்கு மேலே வேண்டாம், பக்கத்தில் போதும். நாய்க்குட்டிக்கு மேலே கண்டிப்பாக வேண்டும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.