ரோஸ்லின் கையெழுத்திட்ட பாதம்

அமெரிக்காவின் பஃபலோ நகரக் கூடைப்பந்து அணியில் ஆட்டக்காரர்களின் உடம்பு ரோஸ்லின் டுப்ரேயின் பொறுப்பு. சட்டை, ஷூ, துண்டெல்லாம் என் பொறுப்பு. அரங்கத்துக்கு அடியில் எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பேசினால் இங்கே கேட்கும்.

அந்த ஜூலையில் கோர்டெல் மேபின் எந்த அணியிலும் இல்லாமல் இருந்தான். வயது இருபத்தொன்பது. நல்ல நாளில் அவனைத் தடுக்க ஆள் கிடையாது. ஆனால் நல்ல நாள் குறைவு. இடது பாதத்தின் நடுவில் படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு, அது இரண்டு தடவை விரிசல் விட்டு உள்ளே இரண்டு திருகு ஏறியிருந்தது. ஆறு சீசனில் பாதி ஆட்டங்களை கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சிலிருந்து பார்த்தவன். முதல் விரிசலுக்குப் பிறகு அவனை மறுபடி நடக்க வைத்தது ரோஸ்லின்தான், எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பு, வேறொரு அணியில்.

எங்கள் மேலாளர் பிராண்ட்வோல்டுக்கு அவன் வேண்டும். ஒன்பது வருஷமாக நாங்கள் இறுதிச் சுற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலிகள் காலி. காலில் கோளாறு இல்லாத எவனும் பனி கொட்டும் எங்கள் ஊருக்கு வர மாட்டான் என்பது அவர் கணக்கு. டாக்டரின் ஸ்கேன் சுத்தமாக வந்தது. ஆனாலும் ரோஸ்லினின் கையெழுத்தும் வேண்டும் என்றார் பிராண்ட்வோல்ட்.

பரிசோதனை நாளில் கோர்டெலை அவள் மேஜையில் படுக்க வைக்கவேயில்லை. படியில் இறங்கச் சொன்னாள். பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"பாதத்தோட ஓரத்தை ஊனி இறங்குற. எத்தனை நாளா?"

"பழக்கம், மிஸ் ரோஸ்."

"என்கிட்டயேவா?"

"காலையில மட்டும்தான். எழுந்ததும் ஒரு குத்து. நடந்தா சரியாயிடுது. எழுதிடாதீங்க. இவங்களும் வேணாம்னுட்டா என்னை எவன் கூப்பிடுவான்?"

"மறுபடி உடைஞ்சா நீ ஆடவே முடியாதுடா."

"ஆடாம உட்கார்ந்தாலும் அதேதானே?"

பரிந்துரை என்று தலைப்பிட்டு அவள் மூன்று வரி எழுதினாள். அடுத்தடுத்த நாளில் ஆட விடக்கூடாது. ஒரு ஆட்டத்துக்கு இருபத்தெட்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு ஸ்கேன். காலை வலியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என் அறைக்கு வந்து, துண்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "கேட்டியா வால்ட்?" என்றாள். "துவைக்கிற மெஷின் ஓடிட்டிருந்துச்சு," என்றேன். அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவனை இரண்டு வருஷத்துக்கு எடுத்தார்கள். முப்பத்தொரு ஆட்டம் ஆடினான். அரங்கம் நிறைந்தது. வெள்ளிக்கிழமை மீன் பொரியல் சாப்பிடப் போகும் கடையிலெல்லாம் அவன் பேச்சுதான். தள்ளுவண்டிக்காரன்கூட என்னிடம் இலவச டிக்கெட் கேட்டான்.

ஜனவரியில் எங்கள் இன்னொரு உயரக்காரன் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். முந்தின நாள் டெட்ராய்டில் ஆடிவிட்டு வந்த கோர்டெலை அன்றும் இறக்கப் போவதாகப் பயிற்சியாளர் சொன்னதும் ரோஸ்லின் நேரே பிராண்ட்வோல்டிடம் போனாள். அவரும் அந்த நேரம் எங்கள் அறைகளுக்கு வெளியே நடையில்தான் நின்றிருந்தார்.

"நான் எழுதிக் கொடுத்திருக்கேன், சார்."

"பரிந்துரைன்னு எழுதியிருக்கீங்க, ரோஸ். தடைன்னு எழுதலையே. அவனே ஆடறேங்கிறான். நீங்க ஏன் குறுக்க நிக்கிறீங்க?"

காலை வலியைச் சொல்லியிருந்தால் அவன் அன்று ஆடியிருக்க மாட்டான். ஒப்பந்தத்துக்கு முன்பே மறைத்தான் என்றும் ஆகியிருக்கும். மிச்சச் சம்பளத்தை அணி நிறுத்திவிடலாம். அவள் அதைச் சொல்லாமல் ஐஸ் வாளியை நிரப்பப் போனாள். ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, அவன் தரையில் உட்கார்ந்தான். விழவில்லை, மெதுவாக உட்கார்ந்தான். ஓடிப்போய் ஷூவைக் கழற்றியவள் அவள்தான். "உடையலைன்னு சொல்லுங்க, மிஸ் ரோஸ்," என்று அவன் கெஞ்சியதாகப் பிறகு சொன்னாள். அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள், இந்தக் காலை யார் பாஸ் பண்ணியது என்று கேட்டார்கள். "எங்கள் மருத்துவக் குழு அனுமதித்தது," என்றார் பிராண்ட்வோல்ட். வானொலியில் கூப்பிட்டுப் பேசியவர்கள் அவள் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்.

"அந்த மூணு வரியை வெளியில காட்டு," என்றேன்.

"காட்டினா, ஏன் அப்படி எழுதினேன்னு கேப்பாங்க. காலையில வர்ற அந்த வலி வெளிய வந்துடும், அப்புறம் அவனுக்கு ஒண்ணுமே மிஞ்சாது. எனக்கும்தான். இமானிக்கு இன்சுலின் இந்த வேலையோட வர்ற காப்பீட்டுலதான் ஓடுது." இமானி அவள் மகள். எட்டு வயதிலிருந்து சர்க்கரை.

ஜூன் மாதம் அவளை வெளியே அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அவள் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்தார்கள். எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும் ஆளை யார் விடுவார்? அவளுக்கும் அது புரிந்தது. கையெழுத்துப் போட்டாள்.

கோர்டெலுக்கு இரண்டாம் வருஷச் சம்பளமும் முழுசாக வந்தது. அவன் மறுபடி ஆடவில்லை. அலபாமாவில் ஒரு பள்ளியில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறான். அவள் எதைச் சொல்லாமல் இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குப் பழக் கேக் அனுப்புவான், கடிதம் வைக்க மாட்டான்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் இளகவில்லை. அடுத்த கோடையில் முழங்காலில் அறுவை செய்திருந்த எலிஸ் வார்னாக் என்ற ஆட்டக்காரன் பரிசோதனைக்கு வந்தான். 'எடுக்கக்கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவனைச் சிகாகோ எடுத்தது. எழுபத்தெட்டு ஆட்டம் ஆடினான். மார்ச்சில் எங்கள் ஊருக்கு வந்து முப்பத்தாறு புள்ளி போட்டான். ஆட்டம் முடிந்து நடையில் அவளைக் கடந்தபோது நின்றான்.

"நீங்கதானே அது? என் முழங்காலுக்கு என்ன குறை கண்டீங்க?"

"எதுவும் காணலை," என்றாள் ரோஸ்லின். "பயமா இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே எங்கள் ஆட்கள் ஐஸ் கட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.