இரண்டாவது பேச்சி

வடிவம்மாவுக்குச் சந்தேகம் வராத பொருள் கண்டி நகரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அமுக்கிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். கடைசியில் மீன்காரனின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வந்துவிடுவாள். பாண் என்கிற ரொட்டிக்காக ஊரே விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. அந்த வரிசையிலும் தனக்கு முன்னால் நிற்பவள் நிஜமாகவே முன்னால் வந்தவளா என்று விசாரித்துக்கொண்டுதான் நிற்பாள். அடுத்த வீட்டுப் பரிமளம் பொங்கல் கொடுத்தனுப்பினால் முதல் பிடி காக்கைக்குப் போகும். அதைப் பக்தி என்று பரிமளம் நினைத்துக்கொண்டிருந்தாள். தின்ற காக்கை நல்லபடியாகப் பறக்கிறதா என்று பார்க்கத்தான் வடிவம்மா அதைப் போட்டாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் இராமையா. மாநகரசபையில் தண்ணீர்க்குழாய் வேலை, மகியாவையில் சபை வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்தில் ஒரு வீடு. நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறக்கமாட்டார். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் பாதிதான் வரும். மீதிப் பாதியை வடிவம்மா தானாகவே இட்டு நிரப்பிக்கொள்வாள்.

அவள் இரண்டாம்தாரமாக வந்தவள். மூத்தாள் காய்ச்சலில் போனபோது விட்டுப்போன பெண்தான் பேச்சியம்மா. வடிவம்மா வந்தபோது அதற்கு நாலு வயது. தலைவாரிவிட்டாள், வயிறாரச் சோறு போட்டாள், வெள்ளைச் சட்டையை வெளுத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறது என்று யோசிப்பாள். சும்மா இருந்தால் செத்துப்போன அம்மாவை நினைக்கிறது என்று முடிவு கட்டுவாள். அது அவளைச் "சின்னம்மா" என்றுதான் கூப்பிட்டது.

வடிவம்மாவுக்கு முதலில் பிறந்த ஆண்பிள்ளை ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. பிறகு கோயில் கோயிலாக ஏறி இறங்கி, பேச்சியம்மாவுக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு பெண் பிறந்தது. இதுவாவது தங்க வேண்டுமே என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சந்திரிகா என்று ஒரு பேரை மனதுக்குள் வைத்திருந்தாள். கண் பட்டுவிடும் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவியபடியே இராமையா சொன்னார். "புள்ளைக்குப் பேச்சித்தாயின்னு வைப்போம்."

"வீட்டுல ஏற்கெனவே ஒரு பேச்சி இருக்குல்ல?"

"இருக்கட்டுமே. குலதெய்வம் பேருதானே."

"அதத்தான் மூத்தவளுக்கு வச்சாச்சே. இதுக்கு வேற வைக்கக் கூடாதா?"

"பேச்சித்தாயி நல்ல பேரு. வத்தேகமயில இருந்து அக்கா வந்து கூப்புடும்," என்றார் இராமையா. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர்கள் சனத்தில் இது புதிது ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் பெரிய கறுப்பன், நடுக் கறுப்பன், சின்னக் கறுப்பன் என்று மூன்று பேர் இருப்பார்கள். குலசாமியின் பேர் எல்லாப் பிள்ளைகளையும் காக்கும் என்பது நம்பிக்கை. வடிவம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் பயந்தாள்.

ஏனென்றால் அவளே ஒரு பெரிய வடிவு. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்குப் பின்னால் பிறந்தவள் சின்ன வடிவு. அந்தக் குழந்தை காய்ச்சல் கண்டு தொட்டிலிலேயே போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த அன்று, அவளைப் பெற்ற ஆத்தாளே மூலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள், "பெரியவ பேரு சின்னவள முழுங்கிருச்சு." சொன்னது ஒரே ஒரு தடவை. ஆத்தாளுக்கு மறுநாளே மறந்திருக்கும். ஏழு வயது வடிவுக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் எச்சில் விழுங்கக்கூடப் பயந்துகொண்டிருந்தாள்.

இந்த மனிதர் எதற்கு இந்தப் பேரிலேயே நிற்கிறார்? மூத்தாள் பிள்ளைக்கு ஏதாவது கண்டம் இருக்குமோ? பூசாரி யாராவது சொல்லியிருப்பானோ? அதைக் கழிக்கத்தான் என் பிள்ளையைக் கொண்டுபோய் அந்தப் பேருக்குக் கீழே படுக்கவைக்கிறாரோ? இப்படி ஓடியது அவள் புத்தி. ஒருநாள் இராமையாவும் பெரியவளும் வாசற்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசியதைக் கண்டாள். இவளைக் கண்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

குழாயடியில் பரிமளத்திடம் கொட்டித் தீர்த்துவிட்டாள். "ஒரே பேருல ரெண்டு இருந்தா பெரியவ பேரு சின்னவள முழுங்கிரும் பரிமளம். நான் கண்ணால பாத்தவ. எங்க வீட்டுலயே நடந்துச்சு."

"சும்மா கெடங்கக்கா. அப்பிடிப் பாத்தா இந்த லயத்துல பாதிப் பேரு இருக்க மாட்டாங்க," என்றாள் பரிமளம். அவளுக்குப் பின்னால் வாளியோடு பேச்சியம்மா நின்றுகொண்டிருந்தது. ஊரையே நோட்டம் விடும் வடிவம்மா, அதை மட்டும் பார்க்காமல் விட்டாள்.

அன்றிலிருந்து பெரியவளின் போக்கு மாறியது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து தொட்டிலை ஆட்டுகிற பிள்ளை, இப்போது தொட்டில் இருக்கிற பக்கமே வருவதில்லை. குழந்தை அழுதாலும் எட்ட நின்று, "சின்னம்மா, பாப்பா அழுவுது," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடும். தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

'பொறாமை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது,' என்று வடிவம்மா நினைத்தாள். குளிக்கப் போனாலும் குழந்தையைப் பரிமளத்திடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். யாரும் இல்லாத நேரத்தில் அதன் காதில் சந்திரிகா, சந்திரிகா என்று ஓதிவைத்தாள். முந்திச் சொன்ன பேர் ஒட்டிக்கொள்ளாதா என்கிற ஆசைதான்.

முப்பதாம் நாள் பேர் வைப்பு. வத்தேகமயிலிருந்து இராமையாவின் அக்கா ராக்கம்மா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். அத்தைக்காரிதான் குழந்தையின் வாயில் சீனித்தண்ணீர் தொட்டுவைத்து, காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். வீடு கொள்ளாத சனம். அந்தச் சந்தடியில் பெரியவள் அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவியதை வடிவம்மா பார்த்துவிட்டாள்.

செய்வினை என்ற ஒரே சொல்தான் அவள் மனதில் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை செய்வினை வைக்குமா என்று கேட்டால், யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று அவளிடம் பதில் தயாராக இருந்தது. குழந்தையைப் பரிமளத்திடம் திணித்துவிட்டுப் பின்னாலேயே போனாள். கையும் களவுமாகப் பிடித்து, கூடியிருக்கிற சனத்துக்கு முன்னால் இழுத்துவந்து நிறுத்துவது என்ற முடிவோடுதான் போனாள்.

லயத்துக்குப் பின்னால் மண்மேட்டின் மேல் பேச்சியம்மன் கல் இருக்கிறது. சபையில் வேலை செய்தவர்கள் எப்போதோ நட்டு மஞ்சள் பூசிய கல். பெரியவள் அதன் முன்னால் குந்தியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்துக் கல்லின் காலடியில் வைத்தது. வடிவம்மா வாழைமரத்து மறைவில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அது ஒரு குட்டிக் கறுப்பு வளையல், கைக்குழந்தைக்குப் போடுவது. பேச்சியம்மாவுக்குப் பேர் வைத்த அன்று ராக்கம்மா போட்டது. அதைத் தகர டப்பாவில் வைத்து அந்தப் பிள்ளை உயிராகப் பாதுகாத்து வந்தது.

"தாயே, ஒன் பேர ஒனக்கே திருப்பிக் குடுத்துட்டேன். வளையலையும் குடுத்துட்டேன். நான் பாப்பாவத் தொடவே இல்ல. இனி எனக்குப் பேரு வேணாம். பாப்பாவ முழுங்கிறாத தாயே."

வடிவம்மா வாழைமரத்து மறைவை விட்டு வெளியே வந்தாள். எட்டப் போனது, கையைப் பின்னால் கட்டியது எல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எச்சில் விழுங்கப் பயந்த பெரிய வடிவுதான் அங்கே குந்தியிருந்தாள். ஆத்தா தன் வாயில் போட்ட நஞ்சை, தானே கொண்டுவந்து இன்னொரு பிள்ளையின் வாயில் போட்டிருக்கிறாள். அவமானத்தில் அவளுக்குக் காது சூடேறியது.

"பேச்சி."

பிள்ளை திடுக்கிட்டு எழுந்தது. "நான் ஒண்ணும் செய்யல சின்னம்மா."

"தெரியும். நீ ஒண்ணும் செய்யல." வடிவம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பாகிட்ட அன்னிக்கு என்னா புள்ள ரகசியம் பேசுன?"

"பேரு நான்தான் கேட்டேன். நீ மூத்தாள் புள்ளையா, எளையாள் புள்ளையான்னு பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க. பாப்பாவும் பேச்சின்னா ரெண்டும் ஒரே ஆத்தா புள்ளன்னு நெனச்சு யாரும் கேக்க மாட்டாங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன். ஒங்ககிட்ட சொன்னா ஏசுவீங்கன்னு அப்பா சொல்லுச்சு." உதடு பிதுங்கியது. "முழுங்கும்னு எனக்குத் தெரியாது சின்னம்மா."

"முழுங்காது."

"நீங்கதானே பரிமளம் மாமிகிட்ட..."

"நான் சொன்னது பொய்." வடிவம்மா அழுதுவிட்டாள். "அது காய்ச்சல்ல போச்சு புள்ள. காய்ச்சல்தான். நான் அத முழுங்கல. நான் சின்னப் புள்ள, எனக்கு என்னா தெரியும்?"

யாருக்காக அழுகிறாள் என்று பேச்சியம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் தன் பாவாடை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டது.

வளையலை எடுத்துக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ராக்கம்மா சீனித்தண்ணீரோடு காத்திருந்தாள். "மதினி, ஒரு தடவ நீங்க சொல்லுங்க. மிச்சத்தப் பெரியவ சொல்லட்டும்," என்றாள் வடிவம்மா. அப்படி ஒரு முறை கிடையாது. ராக்கம்மாவுக்கு முகம் சுண்டியது. இராமையா அன்று முதல்முறையாக வாயைத் திறந்து, "சொல்லட்டும்க்கா," என்றார். பேச்சியம்மா குனிந்து, குழந்தையின் காதில் பேச்சித்தாயி, பேச்சித்தாயி என்று இரண்டு தடவை சொன்னது. கறுப்பு வளையல் குழந்தையின் கைக்குப் போனது.

இதற்குப் பிறகு வடிவம்மா மாறிவிட்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறுநாளே மீன்காரனோடு சண்டை. பரிமளத்தின் பொங்கல் வழக்கம்போலக் காக்கைக்குப் போனது. பல வருஷம் கழித்துத் திகனையிலிருந்து பெரிய பேச்சியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை அவள் விசாரித்த விசாரணையில் அவர்கள் வந்த வழியே போகப் பார்த்தார்கள். ஆனால் அன்று பேர் வைத்து முடிந்ததும், சனம் பார்க்கக் குழந்தையைப் பெரியவளின் மடியில் வைத்துவிட்டு, சோறு வடிக்க அடுப்படிக்குப் போனாள். போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.