கூரை ஓரத்தில் பதினொரு காலுறை உப்பு

2023 ஜனவரி 19, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். மேகம் இல்லை, காற்று இல்லை. முற்றத்துப் புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வாசலில் தொங்கும் வெப்பமானி பூச்சியத்துக்கு ஒரு கோடு கீழே நின்றது. சீலிங் பலகையின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் மனைவியின் நெற்றியில் விழுந்தது. அவள் எழுந்து உட்காருவதற்குள் ஏழு சொட்டு.

"எண்ணி முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"ஏழு."

"நேத்து?"

"நாலு."

"அப்ப இன்னும் ரெண்டு நாள்ல நீஞ்சித்தான் எந்திரிக்கணும்." போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு இருமினாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன். அன்னிக்கும் ஒழுகுனா எட்டேகால் பஸ்ஸுல கினிகத்தேனைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். சித்திரைக்குத்தான் வருவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றே பையைக் கட்டிக் கதவோரம் வைத்தாள். மலைக்குக் கீழே இருக்கும் கினிகத்தேனையில் உறைபனி கிடையாது. அவளுடைய நெஞ்சுக்கு அதுதான் நல்லது என்று எனக்கும் தெரியும். ஆனால் கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் இரண்டு இரவுக்கு மேல் பிரிந்து இருந்ததில்லை. அவளுடைய கரகரத்த மூச்சை எண்ணிக்கொண்டுதான் நான் தூங்குவது. பெரும்பாலும் இருநூறைத் தாண்டமாட்டேன். சித்திரைவரை எதை எண்ணுவது?

ஒழுக்கின் காரணத்தை நான் முன்பே கண்டுபிடித்திருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். எங்கள் வீடு மலையை வெட்டிக் கட்டியது. பின்பக்கத்து மண்மேடும் தகரக் கூரையின் ஓரமும் ஏறத்தாழ ஒரே உயரம். இடைவெளி பதினேழு அங்குலம். காலை வெயில் கூரையின் மேற்பாதியில்தான் முதலில் விழும். அங்கே படிந்த பனி உருகிக் கீழே வரும். கூரைத் தண்ணீரை வாங்கும் பீலியோ மேட்டின் நிழலில் கிடக்கும். அதில் தேங்கிய தண்ணீர் இரவிலேயே கட்டியாகியிருக்கும். உருகி வந்த நீர் அந்தக் கட்டியில் முட்டி, போக வழியில்லாமல் தகரத்துக்கு அடியில் ஏறி, என் மனைவியின் நெற்றிக்கு வந்து சேரும்.

வெள்ளிக்கிழமை, கனடாவில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டேன்.

"இங்க எல்லா வீட்டுலயும் இது வரும்ப்பா. நீளமான சாக்ஸ்ல உப்பப் போட்டுக் கூரை ஓரத்துல குறுக்க வெப்பாங்க. ஐஸ் கரைஞ்சு தண்ணிக்கு வழி விட்டுரும். ஆனா அது வேற உப்புப்பா, சமையல் உப்பு இல்ல."

உப்பு உப்புத்தான் என்று நான் எண்ணினேன். சாதாரண உப்பும் பனியைக் கரைக்கும் என்பதை வகுப்பிலே எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை கடையில் பதினான்கு கிலோ கல்லுப்பு வாங்கினேன். கடைக்காரர், "கருவாடு போடப் போறீங்களா சேர்?" என்று கேட்டார். முழங்கால்வரை வரும் என் கம்பளிக் காலுறைகளில் ஆறு சோடி இருந்திருக்க வேண்டும், பதினொன்றுதான் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் கிலோ நிரப்பினேன். மீந்த கால் கிலோவைச் சமையலறையில் வைத்தேன். மேட்டில் நின்றபடியே, காலுறைகளை இரண்டடிக்கு ஒன்றாகப் பீலிக்குக் குறுக்கே கிடத்தி, தகரத்து ஆணிகளில் கட்டினேன். பார்ப்பதற்குக் கூரைமேல் ஐந்தரைப் பேர் காலை நீட்டிப் படுத்திருப்பதுபோல இருந்தது.

மேட்டுப் பாதையில் பால்காரம்மா வந்தாள். மேலே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருப்பவள், ஒரேயொரு செவலைப் பசுவை வைத்துப் பால் விற்கிறாள். அந்தப் பசு தினமும் சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வரும். என் மனைவி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி வைப்பாள்.

"ஏன் சேர், கூரைக்கும் குளிருதா?"

"இது விஞ்ஞானம்" என்றேன்.

"உள்ள என்னா இருக்கு?"

"சொன்னா ஒனக்கு வெளங்காது."

"சரி சேர். சட்டையும் போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே புல் வெள்ளையாக இருந்தது. மனைவி சேலை மாற்றி, பையோடு சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏழு பன்னிரண்டு: சொட்டு இல்லை. ஏழு இருபது: இல்லை. ஏழு முப்பத்து மூன்று: இல்லை. அவளைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மேலே ஏதோ மரம் சாய்ந்ததுபோலச் சத்தம். தகரம் கிழிந்தது. சீலிங் பலகை உடைந்தது. அவளுடைய தலையணைக்கு நேர்மேலே ஒரு மாட்டுக் கால் தொங்கியது.

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது எத்தன சொட்டுங்க?"

பின்பக்கம் ஓடினேன். செவலை, பின்கால் இரண்டையும் மேட்டில் வைத்து, ஒரு முன்காலைத் தகரத்தில் ஊன்றி, மற்றதை எங்கள் படுக்கையறைக்குள் விட்டு நின்றது. நான்கு காலுறைகள் கிழிந்து கிடந்தன. ஐந்தாவதை அது அந்த நிலையிலும் நக்கிக்கொண்டிருந்தது. பதினேழு அங்குலத்தை அளந்து வைத்திருந்த நான், ஒரு பசு எவ்வளவு தூரம் எட்டி வைக்கும் என்று அளக்கவில்லை.

பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டாத ஞாயிறு என்பதால் பத்து நிமிடத்தில் மேட்டில் பதினான்கு பேர். அவர்களில் ஒன்பது பேர் யோசனை சொன்னார்கள்.

"சேர், மாட்ட எதுக்கு மேல ஏத்துனீங்க?"

"ஸ்கூல்ல புள்ளைங்க பத்தலைன்னு சேத்திருப்பாரு."

பால்காரம்மா மூச்சிரைக்க வந்தாள். கிழிந்த காலுறையில் விரலை வைத்து நாக்கில் தொட்டாள்.

"உப்பு! அட சேர், உப்புன்னு நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா இவளக் கட்டிப் போட்டிருப்பேன்ல? எனக்கா வெளங்காது?"

பசு மிரண்டு உதறினால் தகர விளிம்பு காலை அறுத்துவிடும். எல்லோரும் கத்தினார்கள். என் மனைவி மட்டும் கஞ்சித் தண்ணி வாளியோடு மேட்டில் ஏறி, பசுவின் மூக்குக்கு நேரே வைத்து, "குடிம்மா, ஒண்ணுமில்ல" என்றாள். அது குடித்தது. ஒருவர் தகரத்தை வெட்டி விலக்கினார். ஆறு பேர் பலகை கொடுத்துத் தூக்கினார்கள். காலில் சிராய்ப்புத்தான். பின்வாங்கிய வேகத்தில் பசு பீலியை இடித்தது. பீலி முழுதாகக் கழன்று விழுந்தது.

அதற்குள்ளிருந்து மேட்டுச் சைப்ரஸ் மரங்களின் கறுத்து இறுகிய இலைகள் கொட்டின. இரண்டரை வாளி.

"இத எப்ப சேர் கடைசியாத் தூர் வாருனீங்க?" என்று பால்காரம்மா கேட்டாள். "இது இம்புட்டு அடைச்சிருந்தா தண்ணி நிக்காம என்ன செய்யும்? நின்னாத்தானே கட்டியாவும்?"

ஏழு பனிக்காலமாகச் சொட்டுகளை எண்ணியிருக்கிறேன். பீலிக்குள் ஒருநாளும் கை விட்டதில்லை.

எட்டேகால் பஸ் கீழே ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. நான் மனைவியைப் பார்த்தேன்.

"போகட்டும்" என்றாள். "இவ்வளவு கூத்த விட்டுட்டு அங்க போயி என்னத்தப் பாக்குறது? நாளைக்கு ஒழுகுதான்னு பாப்போம்."

ஓட்டைக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கு கட்டினோம். மறுநாளும் உறைபனிதான். உருகிய நீர் பீலி இல்லாத கூரையிலிருந்து நேரே வீட்டுக்குப் பின்னால் ஓடும் வடிகானுக்குள் விழுந்தது. ஆறு மணி முதல் ஒன்பது மணிவரை சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன?" என்றாள்.

"ஒண்ணுகூட இல்ல."

அவள் பையை அவிழ்த்து, சேலைகளை அலுமாரியில் வைத்தாள். "செவலைக்கு இன்னைக்குக் கஞ்சி கூட வைக்கணும்" என்றாள். அன்றிரவு அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டு படுத்தேன்; நூற்று நாற்பதைத் தாண்டியதாக நினைவில்லை.

பீலியைத் திரும்ப மாட்டியாயிற்று. இப்போது வருடந்தோறும் மார்கழி பிறக்குமுன் நானே மேட்டில் நின்று தூர் வாருகிறேன், பால்காரம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிறாள். பசுவின் கால் மருந்து, இரண்டு தகரம், சீலிங் பலகை, ஆசாரி கூலி, பதினான்கு கிலோ உப்பு, எல்லாமாக இருபத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.