தீவனத் தராசில் தேவிப்ரியா

தேவிப்ரியாவின் கழுத்தைச் சுற்றி இருந்த கறுப்பை அழுக்கு என்றுதான் கலைமணி நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மகளை முக்காலியில் உட்காரவைத்து, பயத்தமாவைக் குழைத்துப் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள். தோல் சிவந்ததே தவிர கறுப்பு அசையவில்லை.

"எரியுதும்மா!"

"எரியட்டும். பத்து வயசாச்சு, கழுத்தத் தேச்சுக் குளிக்கத் தெரியுதா உனக்கு? பாக்கறவங்க உன்னையவா பேசுவாங்க? என்னையத்தான் பேசுவாங்க."

கலைமணி எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை. முட்டையிடும் வயது வராத கோழிகள் வளரும் செட்டு, அந்தக் கொட்டகை முழுக்க அவள் பொறுப்பு. அங்கே அவளிடம் வேலை கற்றவர்கள் பாதிப் பேர், திட்டு வாங்கியவர்கள் எல்லாப் பேரும். கணவன் செல்லமுத்து கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவன். ஒரு நாள் வீடு, ஒரு நாள் பாலக்காட்டு ரோடு என்று போகிறது அவன் பிழைப்பு.

தேவிப்ரியா குறைமாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தச் சின்ன உயிரைப் பார்த்து, இது நிலைக்குமா என்று சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு கலைமணியின் காதைவிட்டுப் போகவே இல்லை. பிள்ளைக்குக் கன்னம் வைத்தபோது அவளுக்குத் தலை நிமிர்ந்தது. தொடை மடிந்தபோது திருஷ்டி சுற்றிப் போட்டாள். செல்லமுத்து லாரியிலிருந்து இறங்கும்போதெல்லாம் நேந்திரம் சிப்ஸும் அல்வாவும் குளிர்பான பாட்டிலும் கூடவே இறங்கின. ஓட்டுநர் வேலையில் இருக்கிற அப்பனுக்குப் பாசத்தைக் காட்ட வேறு நேரம் ஏது, பாவம். பிள்ளையை வீட்டு வாசலிலேயே வேன் ஏற்றிக்கொள்ளும், வாசலிலேயே இறக்கிவிடும். இறங்கியதும் டியூஷன், டியூஷன் முடிந்தால் கையில் போன், பக்கத்தில் பொட்டலம். ஓடியாட வேண்டிய பொழுதெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. புள்ள சாதுவாக உட்கார்ந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

காய்ச்சல் என்று நாமக்கல்லுக்குக் கூட்டிப்போன நாளில்தான் எல்லாம் புரண்டது. டாக்டரம்மா காய்ச்சலைப் பார்த்து முடித்தும் பிள்ளையை விடவில்லை. தலைமுடியை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார்.

"இதைத் தேய்க்கிறீங்களா?"

"அழுக்குங்க மேடம். எவ்வளவு தேச்சாலும் போகமாட்டீங்குதுங்க."

"இது அழுக்கு இல்லம்மா. உடம்புல எடை கூடி, சர்க்கரையை உடம்பு சமாளிக்க முடியாம திணறுறப்ப வர்ற அடையாளம். இனிமே தேய்க்காதீங்க, ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசல்படியில் நிற்கிறது என்றார் டாக்டரம்மா. கலைமணிக்கு அண்ணன் நினைவு வந்தது. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்த அவள் அண்ணன் கந்தவேலுக்குச் சர்க்கரையால் கால் விரல் போய், பிறகு பாதம் போய், இப்போது ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் புண்ணின் கட்டுத் துணியை மாற்றியவள் அவள். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வாடை மூக்கில் ஏறும்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம், வளர்கிற உடம்பு. பாட்டிலில் வருவதையும் பொட்டலத்தில் வருவதையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். தினமும் வேர்க்க விளையாடட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும். சாப்பாடு வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். எடை இதற்குமேல் ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடக் கூடச் சரியாகிவிடும். இத்தனை சொன்னதில் கலைமணியின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. எடை.

எடையா? அதைவிட அவளுக்குத் தெரிந்த விஷயம் வேறு என்ன இருக்கிறது! வளரும் கோழி கொழுத்தால் பிறகு ஒழுங்காக முட்டை வைக்காது. அதனால் வாரந்தோறும் வரிசைக்குச் சில கோழிகளைப் பிடித்து எடை போடுவார்கள். கனத்தவற்றைத் தனி வரிசைக்கு மாற்றித் தீவனத்தைக் குறைப்பார்கள். அடுத்த வாரம் மறுபடி எடை. என்ன செய்தும் சரிப்படாததைத் 'தேறாது' என்று ஒதுக்கி, வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதே இல்லை. பெற்ற பிள்ளைக்கும் அதையே போட்டுப் பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம்.

சோற்றுக்கு ஒரு டம்ளர் வைத்தாள். டம்ளர் அளவு சோறு, அதற்குமேல் ஒரு பருக்கை கிடையாது. வாரா வாரம் அந்த டம்ளர் சின்னதானது. செல்லமுத்துவுக்கும் தனக்கும் வழக்கம்போல் வட்டில் நிறைய. சிப்ஸ் பொட்டலம் பீரோவுக்கு மேலே ஏறியது. வீட்டைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் செல்லமுத்துவுக்கு டீயோடு அது வேண்டும்.

"ஏம்புள்ள, பாவம் அது பாத்துக்கிட்டே உக்காந்திருக்குது. ஒரு கை குடேன்" என்றான் செல்லமுத்து.

"ஏனுங்க, எங்கண்ணன் காலப் பாத்தீங்கல்ல? என்ற புள்ளைக்கு அப்பிடி ஆகோணுமா? பேசாம சாப்பிடுங்க."

அவனும் பேசாமல்தான் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கழுத்துத் தேய்ப்பு நின்றது, அதற்குப் பதில் எடை வந்தது. பண்ணையில் தீவன மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் மகளை ஏற்றி நிற்கவைத்தாள். முதல் வாரம், மூட்டை தூக்குகிற காளியண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மிணி ஒரு மூட்டையத் தாண்டிருச்சாட்ட இருக்குதே!"

அவர் கெட்ட மனுஷர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. அங்கே நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். தேவிப்ரியா தராசின் மேல் நின்றபடி செருப்பையே பார்த்தாள். அன்றைக்கு வியாபாரியின் வண்டி வேறு வந்து நின்றது. ஒதுக்கின கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எடை இறங்கத் தொடங்கியது. கலைமணிக்கு வாயெல்லாம் பல். டாக்டர் சொன்னதற்கும் மேலாகவே செய்து காட்டுகிறோம் என்ற பெருமை. பிள்ளை முன்போல வாயாடுவதில்லை என்பது கண்ணில் பட்டது. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். ராத்திரி தூக்கம் வராதபோது மட்டும், எழுந்துபோய் மகளின் காலைத் தொட்டுப் பார்ப்பாள். சூடாக இருக்கிறதா, விரலெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, செட்டில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. சிறப்பு வகுப்புக்குப் போன பிள்ளை வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். கலைமணி தீவன வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். எக்ஸ்எல் வண்டியை உதைத்தால் கிளம்ப மாட்டேன் என்றது. காளியண்ணன்தான் ஓடிவந்து கிளப்பிக் கொடுத்தார். செல்லமுத்துவுக்கு அடித்தால் எடுக்கவில்லை, அவன் மலை ரோட்டில் இருந்தான். சர்க்கரை ஏறிவிட்டதா, இறங்கிவிட்டதா, வாசல்படியில் நின்றது உள்ளே வந்துவிட்டதா? வழியெல்லாம் ஊரில் இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

தேவிப்ரியா ஆசிரியர் அறையில் பெஞ்சில் படுத்திருந்தாள். வகுப்பு டீச்சர் ஜெபமலர் பக்கத்தில் உட்கார்ந்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை கண்ணைத் திறந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் கலைமணிக்குப் போன உயிர் திரும்பியது.

ஜெபமலர் டீச்சர் சேலத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "கொஞ்ச நாளாவே மத்தியானச் சாப்பாட்டைப் பக்கத்துப் பொண்ணுகளுக்குக் குடுத்துட்டு இருந்திருக்காம்மா. நேத்து சாயங்காலத்துல இருந்து தண்ணிகூடக் குடிக்கலையாம். இப்பத்தான் பிள்ளைங்க சொன்னாங்க."

"தண்ணிய எதுக்கு சாமி குடிக்காம இருந்த?"

தேவிப்ரியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்கு எடை போடுவையில்ல. தண்ணியும் எடைதானே."

"அதுக்காக உசுர விட்டுப்போடறதா? அம்மா உன்ற நல்லதுக்குத்தானே கண்ணு..."

"நீதான் சொன்ன."

"என்ன சொன்னேன்?"

"மொத நாளு எடை போட்டப்ப. காளியண்ணன் மாமாகிட்ட. இது தேறாதுன்னு."

கலைமணி யோசித்துப் பார்த்தாள். சொன்னதாக நினைவே இல்லை. இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிற சொல் அது! தராசைப் பார்த்ததும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லியிருக்கும். கண்ணாடிப் பெட்டி வாசலில் நின்று பேசிவிட்டுப் போனவர்களை இத்தனை வருஷம் மன்னிக்காதவள், அதே பேச்சைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறாள். டீச்சர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தேவிப்ரியாதான் பயந்து எழுந்து, "அழுகாதம்மா, நான் சாப்படறேன்" என்றாள்.

டாக்டரம்மா கோபப்பட்டார், கோபப்படத்தான் செய்வார். ரத்தத்தில் பயப்படும்படி ஏதும் இல்லை, பட்டினி மயக்கம்தான் என்று பார்த்துச் சொல்லிவிட்டுத் திட்டினார். முதல் தடவை சொன்னதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை கலைமணி முழுசாகக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அவளாக வைத்திருந்த எடையும் டம்ளர் கணக்கும் போயின. பீரோ மேலிருந்த பொட்டலங்கள் போயின. லாரியிலிருந்து இறங்கிய செல்லமுத்துவின் கையில் கொய்யாப்பழம் இருந்தது. டீக்குச் சிப்ஸ் இல்லாமல் அவன் முகம் தொங்கியது, ஆனாலும் சமாளித்தான். டியூஷனை நிறுத்தினார்கள். சாயங்காலம் தெருப்பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாட அனுப்பினார்கள். முதலில் மூச்சு வாங்கி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டவள், பிறகு கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்றாள்.

இதனால் கலைமணியின் பயம் போய்விட்டதா என்றால், எங்கே போகிறது? கழுத்துக் கறுப்பு அப்படியே இருக்கிறது. அது வெளுக்க நாளாகும், வெளுக்காமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குச் சோறு போடும்போது கை தயங்குகிறது. கூடப் போட்டால் அண்ணன் கால் கண்முன்னே வருகிறது, குறைத்துப் போட்டால் அந்தப் பெஞ்சு வருகிறது.

போன வாரம் ஒரு காலை. செல்லமுத்து வீட்டில் இருந்தான். மூன்று பேருக்கும் ஒரே ராகி தோசை, ஒரே தக்காளிச் சட்னி. தேவிப்ரியா தட்டைக் காலிசெய்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு தோசைக்கல்லையே பார்த்திருந்தாள்.

"இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்று கேட்கப் போன கலைமணி, அதை விழுங்கிவிட்டு வேறு மாதிரி கேட்டாள். "பசிக்குதா சாமி?"

தேவிப்ரியா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சரியான பதில் எது என்று இருவர் முகத்திலும் தேடினாள்.

"தெரியலம்மா" என்றாள் கடைசியில். "பசிச்சா எப்பிடி இருக்கும்? நீயே சொல்லு."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அதைப் போகச் சொல்லும்படி கலைமணி செல்லமுத்துவுக்குக் கை காட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் வயிற்றின் மேல் தன் கையை வைத்தாள்.

"சித்த இரு சாமி. அவசரமில்ல. ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம்."