ஒன்றாம் எண் கால்

கணினி ஏதாவது கேள்வி கேட்டுவிட்டால் போதும், அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகி, அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வார். திரையில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள் காத்திருக்கும். அவர் கேள்வியை மனதுக்குள் ஒருமுறை படிப்பார். பிறகு வாய்விட்டு ஒருமுறை. மூன்றாம் முறை உதடு மட்டும் அசையும். அதன் பிறகுதான் வலது கைக்கு விடுதலை. கோப்பை மூடவா என்று கேட்டாலும் இதேதான், கணினியை அணைக்கவா என்று கேட்டாலும் இதேதான்.

"அது கேக்குதேன்னு நாம உடனே ஆமான்னு சொல்லிடக் கூடாதுங்க" என்பார். "அதுக்கென்ன, கேட்டுட்டுப் போயிடும். அனுபவிக்கிறது நாம."

கடையின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தோல் வெட்டிக்கொண்டிருக்கும் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "கட்டிக்கிறீங்களான்னு நான் கேட்டப்ப மட்டும் உடனே ஆமான்னீங்களே."

"அப்ப எனக்கு அனுபவம் பத்தல."

நான் அந்தக் கடைக்குப் போய்வரும் பதினோரு வருடங்களில் இந்த உரையாடலை இருபது தடவையாவது கேட்டிருப்பேன். இருவருக்கும் அலுக்கவில்லை. எனக்கும் அலுக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டு காலும் ஒத்துப்போகாதவர்களுக்குக் காலணி செய்வது அவர் தொழில். ஒரு கால் குட்டை, ஒரு பாதம் அகலம், விரல் மடங்கியது, குதிகால் சாய்ந்தது என்று எப்படிப்பட்ட காலும் அங்கே வரும். வந்தவர் ஒரு கண்ணாடிப் பெட்டியின்மேல் வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும். அடியில் ஒரு வெளிச்சக் கோடு ஊர்ந்து போகும். பாதத்தின் மேடு பள்ளமெல்லாம் கணினிக்குள் போய்ச் சேரும். பிறகு பின்னறையில் இருக்கும் இயந்திரம் அதைப் பார்த்து மரக்கட்டையில் அதே காலைச் செதுக்கும். அந்த மரக்காலின்மேல் தோலை இழுத்துத் தைத்தால் காலணி.

மரக்கால்கள் சுவர் முழுக்கச் சோடி சோடியாகத் தொங்கும். இரண்டு வருடம் கழிந்தும் ஆள் வராவிட்டால் கட்டையை வீணாக்க மாட்டார். இன்னும் சிறிய காலாகச் செதுக்கிவிடுவார். ஒரு பேருந்து ஓட்டுநரின் கால் இளைத்து ஒரு தபால்காரரின் காலாகி, கடைசியில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் காலாகி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் திரும்பி வந்தாலும் கவலையில்லை. அவருடைய கால் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். புதுக் கட்டையில் திரும்பப் பிறக்கும்.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. எண்தான் நிற்கும். எனக்கு இடது கால் பதின்மூன்று மில்லிமீட்டர் குட்டை. கடைக்குள் நுழைந்ததும் "வாங்க நானூத்திப் பன்னெண்டு, உக்காருங்க" என்பார். ஒவ்வொரு காலின் கோப்பிலும் ஒரு குறிப்பு எழுதி வைப்பது அவர் வழக்கம். 'அவசர நடை, முன்பக்கம் தேயும்.' 'கோபம் வந்தால் குதிகாலை ஓங்கி வைப்பவர்.' என்னுடையதை ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தேன். 'இடது 13 குறைவு. பேச்சு கூடுதல்' என்று இருந்தது. அன்று அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

செதுக்கும் இயந்திரத்தைச் செய்த கம்பெனி என்றோ மூடிவிட்டது. அதைக் கணினியோடு இணைக்கும் அட்டை அந்தக் காலத்துக் கணினியில்தான் பொருந்தும், அந்தக் காலத்து இயங்குதளத்தில்தான் பேசும். ஆகவே பல்லின் நிறத்துக்கு மஞ்சளாகிவிட்ட அந்தப் பெட்டியை அவரால் மாற்ற முடியாது. மாற்றும் எண்ணமும் இல்லை. காலையில் மேலே போர்த்திய துண்டை எடுத்து, கணினியைப் போட்டதும் அதன் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே இரண்டு டிஸ்க்குகள் உண்டு. சின்னதில் இயங்குதளம், மற்றதில் கால்கள். இரண்டும் ஒழுங்காக முனகினால்தான் மரத்தூளைக் கூட்டவே விளக்குமாற்றைத் தொடுவார்.

இந்த எச்சரிக்கையெல்லாம் பிறவிக்குணம் அல்ல. சூடு கண்ட பூனை அவர்.

பல வருடங்களுக்கு முன்னால், டிஸ்க் நிரம்பி வருகிறதே என்று அவர் மைத்துனர் ஒரு பெரிய டிஸ்க் கொண்டுவந்து மாட்டினார். மனைவியின் தம்பி. கெட்டிக்காரர், நல்ல மனசு, கை மட்டும் நிற்காது. இருநூறு ஜிபி. பழைய இயங்குதளம் அதைப் பார்த்துச் சிரித்த முகமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு நூற்று முப்பத்தேழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும் என்பதை அது சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இடம் சும்மா கிடக்கிறதே என்று மைத்துனர் வாரா வாரம் வந்து சினிமாப் படங்களாகக் கொட்டி நிரப்பினார். நூற்று முப்பத்தேழு தாண்டியதும், வண்டியின் கிலோமீட்டர் காட்டி ஒன்பதெல்லாம் தீர்ந்து சுழியத்துக்குத் திரும்புகிற மாதிரி, கணினி மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டது. முதலில் இருந்தவை கால்கள். இருபத்தொன்பது பேரின் கால்மேல் ஒரு சண்டைப் படம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்து மற்றவற்றை எடுத்தாயிற்று. முதல் இருபத்தொன்பது திரும்பவில்லை. அவர் நாலு மாதம் அலைந்து, வர முடியாதவர்களை வண்டி வைத்து அழைத்துவந்து, இருபத்தெட்டுப் பேரை மறுபடி அளந்தார். ஒருவர் மட்டும் கண்ணாடிப் பெட்டியில் ஏற மறுத்துவிட்டார்.

ஒன்றாம் எண், அவர் மனைவி. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததில் வலது கால் நாலு சென்டிமீட்டர் குட்டை. கடை திறந்த முதல் நாள் முதல் ஆளாக வந்தவர். மூன்றாவது சோடி தைப்பதற்குள் மேற்படி 'கட்டிக்கிறீங்களா' கேள்வியைக் கேட்டுவிட்டார். அவருடைய மரக்கால் எப்போதோ இளைத்து வேறு யாருக்கோ போய்விட்டது, கோப்புதான் இருக்கிறதே என்ற தைரியத்தில்.

"தொலைச்ச இடத்துலயே திரும்ப வைக்கச் சொல்றாரு" என்றார் என்னிடம். "பத்திரமா ஒரு இடம் பாருங்க, காலைத் தரேன்னு சொல்லிட்டேன்."

அப்புறம் யாரோ கழித்துப்போட்ட எண்பது ஜிபி டிஸ்க் ஒன்று கிடைத்து, கால்கள் அதில் குடியேறின. அதுவும் கொஞ்ச நாளில் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை ஏறமாட்டேன் என்று மனைவி பிடிவாதமாக இருந்தார். கடையில் வாங்கிய செருப்பின் அடியில் கணவர் கையால் செதுக்கி ஒட்டிய ரப்பர்க் கட்டையோடு நடந்தார். கட்டை மாதம் ஒருமுறை பெயரும். மதியத்துக்கு மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் தோல் வெட்டுவார். ஊருக்கெல்லாம் நடை சரிசெய்யும் மனிதர் தினமும் எதிரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் மனைவி நடக்கும்போது அவர் கண் தரையில்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நான் புதுச் சோடியைப் போட்டுப் பார்க்கப் போயிருந்தபோது மைத்துனர் வந்தார். கையில் செங்கல் கனத்துக்கு ஒரு டிஸ்க்.

"எட்டு டெரா மாமா, எட்டாயிரம் ஜிபி! அன்னைக்குப் பண்ணதுக்குப் பரிகாரம். இனிமே உங்க ஆயுசுக்கும் இடம் தேட வேண்டாம்."

முந்தின நாளே பழைய டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், தன் லேப்டாப் வழியாக ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேரின் கால்களையும் புது டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டாராம். பழையது நகலை முடித்துக் கொடுத்த கையோடு நின்றுபோனது. கடையில் மறுபடி மாட்டிப் பார்த்தோம். டிக் சத்தம்கூட இல்லை. ஆக, கால்களெல்லாம் இப்போது இந்தச் செங்கல்லில் மட்டும்தான்.

"லேப்டாப்புல ஒரு நகல் வச்சியா மாப்ள?"

"எதுக்கு மாமா? அதான் எட்டு டெரா இருக்கே."

அதன் இணைப்பு பழைய பெட்டியில் சேராது. நடுவில் ஒரு குட்டி அடாப்டரைப் போட்டு மாட்டினார்கள். கணினி வெகுநேரம் யோசித்தது. பிறகு கேட்டது: 'இந்த டிஸ்க்கில் எதுவும் இல்லை. இப்போது ஃபார்மேட் செய்யவா?'

அவர் கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன. முதல் தடவை மனதுக்குள் படித்தார்.

"புது டிஸ்க்குன்னா இப்படித்தான் மாமா கேக்கும்" என்று சொல்லிக்கொண்டே மைத்துனர் குனிந்து மவுஸைப் பிடித்தார். அம்பு 'ஆம்' பக்கம் நகர்ந்தது.

கையை உருவ நேரமில்லை. அவர் நெற்றியால் மைத்துனரின் கையை ஒரே முட்டாக முட்டினார். மவுஸ் மேசையிலிருந்து விழுந்து வயரில் ஊஞ்சலாடியது. அவருடைய மூக்குக்கண்ணாடி மரத்தூளுக்குள் போனது. என்னை நானே பார்த்தால், ஒரு காலில் புதுக் காலணியும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டும் அதற்குள்தானே இருந்தது.

"எதுவும் இல்லாம இல்லடா" என்றார், மூச்சு வாங்க. "அதுக்குக் கண்ணு தெரியல. கண்ணு தெரியாதவன் வீட்ல யாருமில்லன்னு சொன்னா, வீட்டை இடிச்சுடறதா?"

மைத்துனர் வெளிறிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து தம்பியை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பிறகு மாமா சொல்லச் சொல்ல மைத்துனர் செய்தார். டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால் கால்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. முதலில் லேப்டாப்பிலேயே ஒரு நகல். அதிலிருந்து பத்துக் கால்களை அங்கங்கே திறந்து சரிபார்த்தார். என்னுடையதைத் திறந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கப்புறம் எட்டு டெராவை முழுக்கத் துடைத்து, முன்பக்கத்தில் நூறு ஜிபி மட்டும் வெட்டி, அதைப் பழைய முறைப்படி ஃபார்மேட் செய்து, கால்களைத் திரும்ப அதில் வைத்தார்கள். லேப்டாப் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கைமேல் உட்கார்ந்தார். மைத்துனரும் தன் கைமேல் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாமா, எண்பதுல ஒரு பங்குதான் எடுத்திருக்கீங்க. மீதி எழுபத்தொன்பதும்?"

"சும்மா கிடக்கட்டும்."

"வாங்கினவனுக்கு வயிறு எரியாதா?"

"நூத்தி முப்பத்தேழு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சவன்கிட்ட நூறு கொடுத்தா நிம்மதியா வேலை பாப்பான். அவன் தெரிஞ்சுக்கத் தேவையில்லாதது அவனுக்கு எதுக்கு? அகலக் கால் வச்சு ஒருதரம் பட்டது போதும். படம் கிடம் ஏத்தின, காலை உடைச்சுடுவேன்."

"உடைச்சா நீங்கதானே ஷூ தைக்கணும்" என்றார் மைத்துனர், உயிர் திரும்பிய குரலில்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு டிஸ்க்கைப் பழைய பெட்டியில் மாட்டினார்கள். இந்த முறை கேள்வி வரவில்லை. பட்டியல் திறந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று தொடங்கி ஆயிரத்து நூற்று நாற்பது வரை. அவர் பெட்டியில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, அங்கே நின்ற யாரையும் பார்க்காமல், "சத்தமே இல்ல" என்றார்.

தடுப்பின் கதவு திறந்தது. மனைவி தோல் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரப்பர்க் கட்டை ஒட்டிய செருப்பைக் கழற்றினார். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் ஏறி நின்றார்.

"ஜில்லுனு இருக்கு" என்றார்.

அவர் குனிந்து மனைவியின் வலது குதிகாலை இரண்டு விரலால் கொஞ்சம் திருப்பி வைத்தார். எழுந்து போய்க் கணினி முன் உட்கார்ந்து விசையைத் தட்டினார். வெளிச்சக் கோடு விரல்களிலிருந்து புறப்பட்டுப் பின்பக்கம் வரை மெதுவாக ஊர்ந்து போனது. திரையில் ஒரு பாதம் கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. எண் இருக்க வேண்டிய இடத்தில் அவர் ஒன்று என்று அடித்தார்.

கணினி கேட்டது: 'சேமிக்கவா?'

பழக்கம் விடவில்லை. அவர் கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் போயின. ஒருமுறை மனதுக்குள் படித்தார். வாய்விட்டுப் படிக்க வாயைத் திறந்தார்.

மனைவி கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்காமலே, அவர் தோளுக்கு மேலாக எட்டி மவுஸைப் பிடித்து, 'ஆம்' என்பதை அழுத்தினார்.