கூப்பிடாமல் வந்தவர்கள்

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்குத் தான்சானியாவிலிருந்து ஒரு சிஸ்டர் குடிவரப் போகிறார் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். திண்டிவனத்தில் வேறு வீடே இல்லையா? மாதாகோயில் மடத்தை இடித்துக் கட்டுகிறார்களாம், ஒரு வருஷத்துக்கு இடம் வேண்டுமாம். மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். நாங்கள் மாதாகோயிலுக்குப் போகிற குடும்பம்கூட இல்லை. வல்லம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலம் இருக்கிறது, அவர் பாதி நாள் அங்கேயே கிடப்பார். தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி, மாடிக்குக் குடிவருகிறவர் எல்லாம் என் தலையில்தான் விடியும்.

வந்தவர் நல்ல உயரம், நாற்பது வயதிருக்கும். விழுப்புரத்தில் அவர்களுடைய பெரிய மடத்தில் தங்கித் தமிழ் படித்தவர், பேசினால் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். எங்கள் தெருத் தாய்மார்களை வாரம் ஒருமுறை கூட்டி உட்காரவைத்துப் பிள்ளைகள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும், விருப்பப்பட்டவர்களோடு ஜெபம் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குத்தான் கடல் தாண்டி அனுப்பியிருந்தார்கள்.

தெருப் பெண்களுக்கு அவர் வந்தது ஒரே கொண்டாட்டம். வேதக்காரர், இந்து என்ற பேதமெல்லாம் இல்லை, ஆள் மாற்றி ஆள் மாடிக்குப் போனார்கள். கதவைத் தட்டுகிற வழக்கம் இங்கே யாருக்கு இருக்கிறது? மூலை வீட்டம்மா நேராகச் சமையற்கட்டுக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள். சிஸ்டர் எங்களைப் போலவே கேப்பை மாவு வாங்கிக் களி கிண்டுகிறார் என்ற செய்தி அரை மணி நேரத்தில் ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டது. இவர்கள் ஏன் கேட்காமல் உள்ளே வருகிறார்கள் என்று சிஸ்டர் என்னிடம் கேட்டார். அவங்க அப்படித்தான் என்றேன். இதற்கெல்லாம் காரணமா சொல்ல முடியும்?

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். கோயிலில் அறிவித்தார். வாட்ஸ்அப்பில் போட்டார். எங்கள் கேட்டில் கலர் காகிதத்தில் எழுதி ஒட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக வந்துடறோம் சிஸ்டர் என்றார்கள். வாடகைக்கு நாற்காலி வந்து இறங்கியது. குக்கரில் கேக் செய்தார், வாசனை கீழே என் கூடம் வரைக்கும் வந்தது.

ஒருத்திகூட வரவில்லை. தினமும் கூப்பிடாமல் ஏறி இறங்கினவர்கள் அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நானும் போகவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னே என்ன? என் வீட்டு மாடியில் விசேஷம். கேட்டில் காகிதம் ஒட்டத் தெரிந்தவருக்குப் படி இறங்கி வந்து என்னை ஒரு வார்த்தை கூப்பிடத் தெரியாதா? விசேஷம் என்றால் வாசலுக்கு வந்து, வீட்டில் ஆம்பளை பொம்பளை இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று பார்த்து, இரண்டு பேரையும் கூப்பிட வேண்டும். ஒருத்தர் இல்லையென்றால் இன்னொரு தடவை வர வேண்டும். காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போய் நின்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தெரு முழுக்க இதே ரோஷம்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

இருட்டுகிற நேரத்தில் சிஸ்டர் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்தார். கண் வீங்கியிருந்தது.

"மாதக் கடைசியில் பெரிய மடத்து மதர் விழுப்புரத்திலிருந்து வருகிறார். என்னை என் நாட்டுக்கே அனுப்பிவிடச் சொல்லப் போகிறேன். இங்கே நான் யாருக்கும் தேவையில்லை."

அவர் போன பிறகு கேக்கைத் தின்றேன். நன்றாக இருந்தது, அதில் இன்னும் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதே வாரத்தில் ஒரு காலை, மோட்டார் போட வந்த என்னிடம் சிஸ்டர் படியில் நின்றபடி, அம்மா இறந்துவிட்டார் என்று போன் வந்தது என்றார். நாளைக்கே அடக்கமாம், எந்த விமானம் பிடித்தாலும் போய்ச் சேர முடியாதாம். அதே செய்தி வாசிக்கிற குரல். பால்காரம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன், சத்தியமாக வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் மூலை வீட்டம்மா தலையை அள்ளி முடிந்தபடி மாடியேறிவிட்டாள். அவள் பின்னால் இன்னும் பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் தெரு ஆண்கள் ஷாமியானா கட்டி நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார்கள். பாடியே இல்லாத சாவுக்குப் பந்தல் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே போய்க் கயிற்றைப் பிடித்தார்.

மாடியில் எதைப் பார்த்து அழுவது என்று யாருக்கும் புரியவில்லை. போட்டோ இருக்கா என்று கேட்டார்கள். சிஸ்டர் செல்போனில் அம்மா படத்தை எடுத்துக் காட்டினார். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, மேலே சாமந்திச் சரம் சுற்றினார்கள். திரை அணைந்து அணைந்து போனது. அணையும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவள் விரலால் தொட்டு அந்த முகத்தைத் திரும்ப வரவழைத்தாள். மூலை வீட்டம்மா சிஸ்டர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கள வுட்டுட்டுப் போயிட்டியேம்மா" என்று, பெயர்கூடத் தெரியாத அந்த அம்மாவைக் கேட்டு அழுதாள். அப்போதுதான் சிஸ்டர் உடைந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை. மாடியில் அடுப்பு எரியக் கூடாது என்று யாரோ களி கிண்டிக் கொண்டுவந்தார்கள்.

பொழுது சாய, ஒவ்வொருத்தராகச் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனார்கள். சிஸ்டர் நன்றி சொல்லப் பின்னாலேயே ஓடினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"இவர்களை யார் கூப்பிட்டது?"

"இதுக்கெல்லாம் யாரும் கூப்பிட மாட்டாங்க சிஸ்டர். காதுல வுழுந்தா வந்துடுவாங்க."

"அன்றைக்கு நான் கூப்பிட்டேனே. ஏன் வரவில்லை?"

"நீங்க எங்க கூப்பிட்டீங்க? காயிதம்தான ஒட்டினீங்க."

வாசலுக்கு வந்து கூப்பிடுகிற முறையையெல்லாம் அப்போதுதான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "என்னோடு அழுவதற்கு வருகிறவர்கள், கேக் சாப்பிடவும் அப்படியே வரக் கூடாதா?" என்று கேட்டார்.

நான் பிறந்ததிலிருந்து இந்த முறையிலேயே வளர்ந்தவள், ஒரு நாளும் இப்படி யோசித்ததில்லை. இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன், குழப்பம்தான் மிச்சம்.

பதினாறு நாளெல்லாம் தாண்டி, மாதக் கடைசியில் மதர் காரில் வந்தார். என் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அவர் ரொம்ப நல்லவிதமாகத்தான் பேசினார். ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்தால் மனசு ஆறும், டிக்கெட்டுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். போகாதீங்க என்று சொல்ல நான் யார்? வீட்டுக்காரி, அவ்வளவுதானே.

சிஸ்டர் எழுந்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். மதர் என்னைப் பார்த்தார், நான் மதரைப் பார்த்தேன். அம்மா போன துக்கத்தில் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். காலிங்பெல் அடித்தது.

கதவைத் திறந்தேன். சிஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வாசற்படிக்கு வெளியே கைகூப்பி நின்றார்.

"வருகிற ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். ஐயா வீட்டில் இருக்கிறாரா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவரு நெலத்துக்குப் போயிருக்காரு சிஸ்டர். வந்ததும் நான் சொல்லிடறேன்."

"இல்லை, அவர் வந்த பிறகு நான் இன்னொரு தடவை வருகிறேன்" என்றார்.