சீட் பிடிக்கப் போன தொப்பி

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு வருஷமாயிற்று, ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. ஒரு தொப்பிக்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் இப்போதே வேறு வேலை பார்க்கப் போகலாம். அப்படிக் கேட்க என் குடும்பத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களே எனக்குப் போதும்.

தொப்பி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் இடது கன்னத்தில், மூக்கை ஒட்டி, மிளகளவு ஒரு புண் வந்தது. காய்ந்து உதிரும், மறுபடி வரும். பரு என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தேன். நான் கணக்கு டீச்சர். பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்து நிற்கிற தொழில், யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் அதை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தோலில் வருகிற புற்றுநோய் என்று பதில் வந்தது.

"பயப்பட வேணாம், முழுசா எடுத்தாச்சு," என்றார் டாக்டரம்மா, தனக்குத் தெரிந்த தமிழில். "ஆனா இனி மூஞ்சில வெயில் கூடாது. குடை மட்டும் போதாது. குடை பிடிக்கிற கை களைச்சிப் போகும். அகலமான தொப்பி போடுங்க. எப்பவும்."

பக்கத்துக் கதிரையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"டாக்டர், இவங்க கருவாடு சாப்பிடலாமா?"

கருவாடு! இதை இங்கே எழுதிவைப்பது அவரைக் கேலி செய்ய மட்டுமல்ல. அன்றைக்கு அவர் அங்கே இருந்தார், அவர் காதிலும் எல்லாம் விழுந்தது என்பதை வாசிப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஏப்ரல் விடுமுறைக்குத் திருகோணமலை போவதென்று முடிவாயிற்று. கம்பளையில் இருக்கும் என் நாத்தனாருக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, கோணேசர் கோயிலில் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மூன்று பேர், மூன்று நாள், காலையில் கோயில், மற்ற நேரம் கடல். ஏப்ரல் மாதத்துத் திருகோணமலை வெயிலை நினைத்தபோதே என் கன்னம் எரிந்தது. தொப்பி வாங்கப் புறப்பட்டேன்.

என் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. விளிம்பு நான்கு விரலாவது அகலமாக இருக்க வேண்டும். மடித்துக் கைப்பையில் போட முடிய வேண்டும். ஏனென்றால் கோயில் வாசலில் கழற்றியாக வேண்டும், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாமி கும்பிட முடியாது. அதோடு அழகாகவும் இருக்க வேண்டும். ஆமாம், அழகாக. கன்னத்தில் தையல் விழுந்தவளுக்கு அழகு எதற்கு என்று யாராவது கேட்டால், அவளுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்பேன்.

கண்டி டவுனில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று நம்பி, நாங்கள் இருக்கும் மஹய்யாவையிலிருந்து நடந்தே போனேன். முதல் கடையில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் போடும் வெள்ளைத் தொப்பியும், சின்னப் பிள்ளைகளுக்குக் காதுவைத்த தொப்பியும் இருந்தன. பொம்பளைகளுக்கு என்று கேட்டேன். "பொம்பளைங்களுக்குக் குடைதான் மேடம்," என்று குடைகளை எடுத்துப் போட்டான். குளக்கரைப் பக்கத்துக் கடையில் தொப்பிகள் வரிசையாகத் தொங்கின, வைக்கோல் நிறம், ரிப்பன், எல்லாம் இருந்தது. கடைக்காரர் என் சேலையையும் பொட்டையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு மேடம்? வீட்டுக்கு வெள்ளைக்காரங்க வந்திருக்காங்களா?"

"எனக்கு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துத் தந்தார். மடித்துப் பார்த்தேன், விளிம்பு படாரென்று வெடித்தது. "ஐயோ மேடம், இது மடிக்கிற சாமான் இல்ல," என்று பதறினார். மடிக்காத தொப்பியைப் பயணக்காரர்களுக்கு விற்கிறார்கள், சிரிப்பு மட்டும் என்னைப் பார்த்து வருகிறது. இன்னொரு தொல்லையும் இருந்தது. அங்கேயும் மூன்றாவது கடையிலும் எந்தத் தொப்பியும் என் கொண்டைக்கு மேல் உட்காரவில்லை. தலையில் மயிர் உள்ள பெண்களை இந்தத் தொப்பி தைக்கிறவர்கள் பார்த்ததே இல்லை போலும்.

நான்காவது கடை கொழும்பு வீதியில், ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. அவர் மகளுக்கு நான் ஒரு காலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். கடும் நீலத்தில் பருத்தித் தொப்பி, விளிம்பின் ஓரத்தில் மெல்லிய கம்பி, காற்றில் பறக்காமலிருக்கத் தாடையில் கட்ட ஒரு கயிறு.

"கொண்டையக் கொஞ்சம் கீழ எறக்கிப் போட்டுப் பாருங்கோ டீச்சர்."

இறக்கிப் போட்டேன். உட்கார்ந்தது. பிறகு அவர் அதை வாங்கிச் சுருட்டி, மேலே உடுக்கிற சாரங்களில் ஒரு கட்டைத் தூக்கி வைத்தார். "டீயக் குடிங்கோ, பொறகு பாப்பம்," என்றார். டீ குடித்து முடிந்ததும் சாரக்கட்டை எடுத்தார். தொப்பி தானாக விரிந்து எழுந்தது, ஒரு சுருக்கமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பின் நிழல் தழும்பு முழுவதையும் மூடியிருந்தது, மிச்சமுள்ள முகம் நன்றாக இருந்தது. நான் நன்றாக இருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

பயணத்துக்கு முந்திய நாள் நாத்தனார் வந்து தங்கினார். நான் தொப்பியைப் போட்டுக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"அடேயப்பா! தொரசாணி எங்க கெளம்பிட்டாங்க?"

தேயிலைத் தோட்டத்துத் துரையின் வெள்ளைக்காரப் பெண்டாட்டியை அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வார்கள். என் கணவர் வாயில் இருந்த சோறு சிதறும்படி சிரித்தார். என் அம்மா கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு வெயிலிலும் மழையிலும் மலையில் நின்றவர். அவர் அப்படி நின்றதில் சிரிப்பதற்கு யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் மகள் வெயிலுக்கு ஒதுங்க ஒரு தொப்பி போட்டவுடன் இவர்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. நாத்தனாரையாவது மன்னிக்கலாம், அவருக்கு விஷயம் தெரியாது. "சின்ன ஒப்பரேஷன்" என்று மட்டும்தான் தம்பி சொல்லிவைத்திருந்தார். தம்பிக்குத் தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் சீட் பிடிக்கும் விதத்தை வெளியார் பார்த்தால் பயந்துவிடுவார்கள். பஸ் நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாக எதையாவது சீட்டில் எறிய வேண்டும். கைலேஞ்சி, பேப்பர், குடை, சாப்பாட்டுப் பொட்டலம், எதுவானாலும் சரி. எறிந்த பொருள் கிடந்தால் அந்த சீட் எறிந்தவருடையது. எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த உரிமையை மீறினால் அடிதடி வரும். என் கணவருக்கு இந்தக் கலையில் பெருமை அதிகம். ஓடுகிற பஸ்ஸில் மூன்றாம் வரிசை ஜன்னலோரத்தைக் குறிவைத்து விழுத்துவார்.

திருகோணமலைப் பலகையோடு ஒரு பஸ் திரும்பியது. அவர் ஓடினார். இரண்டடி ஓடியவர் திரும்பி வந்து, கூரைக்குக் கீழே நிற்கிறேனே என்று கழற்றி நான் கையில் வைத்திருந்த தொப்பியை வெடுக்கென்று பறித்தார். நான் "ஏங்க!" என்று கத்துவதற்குள் பேப்பர் ஒரு சீட்டிலும் தொப்பி அடுத்த சீட்டிலும் விழுந்துவிட்டன. குறி தப்பவில்லை. திரும்பி எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கையை வீசினார். "மேக்க யன்னே நே! டிப்போ எகட்ட!" இது போகாது, டிப்போவுக்குப் போகிறது. அந்த பஸ் அப்போதுதான் திருகோணமலையிலிருந்து வந்து ஆட்களை இறக்கியிருந்தது. போகவும் வரவும் ஒரே பலகைதான். எங்களைப் போல அவசரப்பட்ட சிலர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டித் தங்கள் பைகளை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் சீட்டுக்கு யாருடைய கையும் எட்டவில்லை. பஸ் போய்விட்டது.

"தொப்பி போச்சு," என்றேன்.

"பேப்பரும்தான் போச்சு. இன்னும் தலையங்கம்கூட வாசிக்கல," என்றார்.

அவருடைய சட்டைப் பையில் கைலேஞ்சி மடிப்புக் கலையாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "இந்த லேஞ்சிய ஏன் எறியல?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அதெப்படி? வெயில்ல மூஞ்சி தொடைக்க வேணாமா?"

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ அறுந்தது. இருபத்திரண்டு வருஷம் வகுப்பறையில் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. குட்ஷெட் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஒங்க மூஞ்சி தொடைக்கணும்! என் மூஞ்சிய வெட்டித் தச்சிருக்காங்க! கேன்சர்னு சொன்னப்ப பக்கத்துல ஒக்காந்துகிட்டு கருவாடு பத்திக் கேட்ட ஆளுதானே நீங்க!"

நாத்தனாரின் முகம் வெளிறியது. "என்னாது? கேன்சரா? தம்பி, நீ சொல்லவே இல்லையே?" தம்பி தரையைப் பார்த்தார். கடலை விற்கிறவன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். "விடும்மா, என் குடை இருக்கு, நீ வச்சிக்க," என்று நாத்தனார் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்து டிப்போவுக்கு விடச் சொன்னேன். போகும் வழியெல்லாம் அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது, அது இன்னும் மோசம்.

டிப்போ முற்றத்தில் அந்த பஸ் வெயிலில் நின்றது. பக்கத்தில் ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தார், என் வயதுதான் இருக்கும். தலையில் என் தொப்பி. கயிற்றைத் தாடையில் சரியாகக் கட்டியிருந்தார்.

"அது என்னோடது," என்றேன். வகுப்பறைக் குரல் இன்னும் இறங்கவில்லை.

அவர் பயந்துபோய்க் கழற்றினார். "கோவிச்சிக்காதீங்க. வெள்ளைக்காரங்க யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். ஒங்களோடதா?"

இவருமா என்று எனக்கு மறுபடி பொங்கியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. தொப்பியைத் தன் சேலையில் தட்டித் தந்துவிட்டு, "வெயிலுக்குங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று கன்னத்தைக் காட்டினேன். வெட்டியதையும் டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்து, தழும்பைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"ஐயோ. அப்ப ஏன் கையில வச்சிருக்கீங்க? மொதல்ல போடுங்க. இங்க எங்கயும் நெழல் இல்ல."

போட்டுக்கொண்டேன். முன்பின் தெரியாத ஒரு மனுஷிக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு நிமிஷம்தான் எடுத்தது. அவர் தன் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டத் தொடங்கினார். எங்கே வாங்கினீங்க என்று கேட்டார். கொழும்பு வீதிக் கடையின் அடையாளம் சொன்னேன். அவர் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தொப்பியை அவருக்கே கொடுத்திருக்கலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கும் அது தேவைப்பட்டது, அதனால் கொடுக்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது போன் அடித்தது.

"பஸ் வந்திருச்சு. சரியான பஸ்தான், கண்டக்டர்கிட்டயே கேட்டுட்டேன். ஒனக்கு சீட் பிடிச்சி வச்சிருக்கேன், சீக்கிரம் வா."

பஸ் நிரம்பியிருந்தது. நாத்தனார் பின்சீட்டில் இருந்தார். என் தொப்பியைப் பார்த்தார், தொரசாணி என்று சொல்லவில்லை. மூன்றாம் வரிசையில் என் கணவர் நின்றுகொண்டு இரண்டு பேரோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஜன்னலோரச் சீட்டில் அவருடைய கைலேஞ்சி நான்கு மூலையும் நீட்டி விரித்துக் கிடந்தது.

நான் அதை எடுத்து அவர் கையில் கொடுக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

மாத்தளை வரும்போது பக்கத்துச் சீட்டில் இருந்த அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "கொஞ்சம் எழும்புறியா?" என்றார்.

"எதுக்கு?"

"லேஞ்சி."

"எழும்பினா சீட் போயிரும்," என்றேன்.

தம்புள்ளையில் டீ குடிக்க எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. ஹபரணையில் அவர் உள்ளங்கையால் துடைத்தார். கந்தளாய் தாண்டும்போது சட்டைக் கையே நனைந்திருந்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பித் தொப்பி விளிம்புக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"அந்த எடம் இன்னும் வலிக்குதா?"

வெட்டிப் பதினொரு மாதம் கழித்துக் கேட்கிறார். நான் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். திருகோணமலை வரும்வரை எழும்பவில்லை.